மடிக்கணினிக்கு வேண்டுவது வேகமான ரேமா, விரிந்த ரேமா?

ஜூன் மாதம் கல்லூரிகள் திறக்கும் வேளையிலும், அதனையடுத்து வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் வேளையிலும் மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கேள்வி எழுவதைக் காண்கிறோம். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினி இப்போது திறப்பதற்கே பல நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது. கடன் பெற்றுப் புதியது வாங்குவதா, இருப்பதையே செப்பனிட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதா?

கிராண்ட் ரோடு நிலையத்துக்கு அருகிலுள்ள லேமிங்டன் சாலைக்குச் சென்று இதற்கு விடை தேடுவது மும்பைக்காரர்களின் நெடுநாள் வழக்கம். டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது அச்சாலையின் அதிகாரப்பூர்வப் பெயர். மக்கள் நாவில் அது இன்றும் லேமிங்டன் சாலைதான். கணினி உதிரிபாகக் கடைகள் வரிசையாக நிற்கும் அங்கே, “ரேமை மாற்றிவிட்டால் போதும், அதிலும் வேகம் கூடிய ரேமாகப் போட்டுவிடுங்கள்” என்ற அறிவுரை எளிதில் கிடைக்கும். அந்த அறிவுரையில் பாதி உண்மை. மறு பாதி, பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்குத் தேவையற்ற செலவு. எந்தப் பாதி எது என்பதை அறிந்துகொண்டு கடைப்படி ஏறினால் பணம் மிஞ்சும்.

பத்து கிலோபைட்டில் தொடங்கிய கதை

கணினியின் நினைவகம் எவ்வளவு அருமையான பொருளாக இருந்தது என்பதற்கு மும்பையே சான்று. இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் பொதுப்பயன் மின்னணுக் கணினியாகக் கருதப்படும் டிஃப்ராக், இந்நகரிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி 1960-ஆம் ஆண்டு முழு அளவில் இயங்கத் தொடங்கியது. 1962-இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதற்கு அப்பெயரைச் சூட்டினார். அதனை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் சென்னையில் பிறந்த அறிஞர் ஆர். நரசிம்மன்.

ஃபெரைட் எனும் காந்தப் பொருளால் ஆன சிறு வளையங்களைக் கம்பிகளில் கோத்து டிஃப்ராக்கின் நினைவகத்தை அமைத்திருந்தனர். அதன் கொள்ளளவு 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்கள். இன்றைய கணக்கில் அது 10 கிலோபைட். இன்று நடுத்தர மடிக்கணினியில் இருக்கும் 8 ஜி.பி. ரேம் அதனைப்போல் எட்டு லட்சம் மடங்குக்கும் மேல். ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு என்பவர் ஒரே டிரான்சிஸ்டரைக் கொண்டு ஒரு பிட்டைச் சேமிக்கும் முறைக்கு 1968-இல் காப்புரிமை பெற்றார். இன்று நம் மடிக்கணினிகளில் உள்ள ரேம் அம்முறையின் வழிவந்ததே.

கொள்ளளவு இவ்வளவு பெருகியும் கணினி திணறுவது ஏன்? நாம் திறந்துவைக்கும் பணிகளும் உடன் பெருகியிருக்கின்றன. இணைய உலாவியில் பத்துப் பக்கங்கள், வாட்ஸ்அப், கணக்கு மென்பொருள், வைரஸ் தடுப்பு மென்பொருள் ஆகியவை ஒருசேர இயங்கும்போது 4 ஜி.பி. நினைவகம் நிரம்பிவிடுகிறது.

மேசையும் பதிவறையும்

நமக்குப் பழக்கமான வங்கிக் கிளை ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். கணக்குப் பார்க்கும் அலுவலரைச் செயலி எனக் கொள்வோம். அவர் முன்னுள்ள மேசை ரேம். பின்கட்டில் கோப்புகள் அடுக்கியிருக்கும் பதிவறை, வன்தட்டு அல்லது எஸ்.எஸ்.டி.

மேசை விரிந்திருந்தால் அன்றாடம் வேண்டிய கோப்புகள் அனைத்தும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். மேசை சிறியதானால் ஒரு கோப்பைப் பதிவறையில் திருப்பி வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுத்துவர இயலும். அலுவலர் எவ்வளவு திறமைசாலியாயினும் பொழுதெல்லாம் நடையிலேயே கழியும். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் செய்வது இதுவே. ரேமில் இடமில்லாதவற்றை வன்தட்டில் ஒதுக்கிவைத்து, வேண்டும்போது மீண்டும் எடுத்துவருகிறது.

அந்த நடையின் தொலைவை எண்களில் காண்போம். ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்கச் செயலிக்கு ஏறத்தாழ 100 நானோநொடி ஆகிறது. சுழலும் வன்தட்டிலிருந்து எடுப்பதற்கு 10 மில்லிநொடியோ அதற்கு மேலோ ஆகும். அதாவது ஒரு லட்சம் மடங்கு. மேசைமேல் உள்ள தாளை எடுக்க ஒரு நொடி என்றால், வன்தட்டு எனும் பதிவறைக்குச் சென்று திரும்ப 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எஸ்.எஸ்.டி.யில் அதே பயணம் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் முடியும்.

கொள்ளளவைக் கூட்டுவது மேசையை விரிப்பதற்கு ஒப்பு. வேகமான ரேமை வாங்குவதோ, மேசையிலிருந்து தாளை எடுக்கும் கை சற்று விரைவதற்கு ஒப்பு. ஒருவர் நாள் முழுதும் பதிவறைக்கு நடந்துகொண்டிருக்கையில் கை விரைவதால் பயன் என்ன?

வேகத்தின் கணக்கு

ரேமின் மேல் 2400, 2666, 3200 என எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு நொடியில் எத்தனை மில்லியன் முறை தரவு கடத்தப்படுகிறது என்பதை அவை குறிக்கின்றன. டிடிஆர்4 வகையில் 2400 என்பது நொடிக்கு 19.2 ஜி.பி. வரையும், 3200 என்பது 25.6 ஜி.பி. வரையும் தரவு கடத்தும். காகிதத்தில் இது மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

ஆயினும் தரவைக் கேட்ட கணத்திலிருந்து முதல் எழுத்து வந்து சேரும் வரை ஆகும் காத்திருப்பு வேறு கணக்கு. 2400 வேகமுள்ள பொதுவான ரேம் 17 சுற்றுகள் காத்திருக்கிறது. 3200 வேகமுள்ளது 22 சுற்றுகள். நேரமாக மாற்றிப் பார்த்தால் முன்னதற்கு 14.2 நானோநொடி, பின்னதற்கு 13.75 நானோநொடி. வேறுபாடு அரை நானோநொடிக்கும் குறைவு. டிடிஆர்5 வகையில் 4800 வேகமும் 40 சுற்றுகளும் உடைய ரேமின் காத்திருப்பு 16.7 நானோநொடி, எண் இரட்டிப்பானாலும் காத்திருப்பு குறையவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அடிக்கடி வேண்டும் தரவுகளைச் செயலி தன்னுள்ளேயே உள்ள கேஷ் எனும் சிறு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அலுவலர் தம் கையிலேயே பிடித்திருக்கும் தாள்களுக்கு இணையானது அது. அன்றாடக் கோரிக்கைகளில் மிகப் பெரும் பகுதி அங்கேயே முடிந்துவிடுவதால், ரேமின் வேகம் கூடியது கண்ணுக்குப் புலப்படும் வாய்ப்பு மேலும் குறைகிறது. கடிதம் தட்டச்சு செய்தல், கணக்கு எழுதுதல், இணைய வங்கிச் சேவை, காணொலி பார்த்தல் ஆகியவற்றில் 2400-க்கும் 3200-க்கும் இடையே வேறுபாட்டை உணர்வது அரிது.

விலை கொடுத்து வாங்கிய வேகம் பயன்படாமலே போவதும் உண்டு. இன்டெல் எட்டாம் தலைமுறையைச் சேர்ந்த ஐ5-8250யு செயலி 2400 வேகம் வரையே ஏற்கும். அதில் 3200 ரேமைப் பொருத்தினாலும் அது 2400-இலேயே இயங்கும். இரண்டு ரேம்கள் வெவ்வேறு வேகத்தில் இருந்தால், குறைந்த வேகமே இரண்டுக்கும் பொதுவாகும்.

மூன்று மடிக்கணினிகள்

மும்பைத் தமிழர் வாழும் மூன்று பகுதிகளிலிருந்து மூன்று சூழல்களைக் கற்பனை செய்து பார்ப்போம்.

தாராவியில் தோல் பைகள் தயாரிக்கும் பட்டறை ஒன்று. கணக்கு எழுதுவதும் ஜி.எஸ்.டி. தாக்கலும் ஒரே மடிக்கணினியில் நடக்கின்றன. அதில் 4 ஜி.பி. ரேமும் சுழலும் வன்தட்டும் உள்ளன. கணக்கு மென்பொருளும் உலாவியும் ஒருங்கே திறந்தால் திரை உறைந்துவிடுகிறது. இங்கே மேசையும் சிறிது, பதிவறையும் தொலைவு. வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்துவது முதல் வேலை. ரேமை 8 ஜி.பி. ஆக்குவது இரண்டாம் வேலை. ரேமின் வேகம் எதுவாயினும் பாதகமில்லை. பட்டறை ஜி.எஸ்.டி. பதிவு பெற்று, காம்போசிஷன் திட்டத்தில் சேராததாக இருந்தால், தொழிலுக்காக வாங்கிய உதிரிபாகத்தின் மீது செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கோரலாம். அதற்குப் பட்டறையின் பதிவெண் குறித்த முறையான ரசீது வேண்டும்.

மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ. போன்ற பொறியியல் கல்லூரி ஒன்றில் பயிலும் மாணவி. அவர் மடிக்கணினியில் தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லை. செயலியோடு இணைந்த கிராஃபிக்ஸ் மட்டுமே. 8 ஜி.பி. ரேம் ஒற்றை அட்டையாக உள்ளது, எஸ்.எஸ்.டி.யும் உண்டு. முப்பரிமாண வரைபட மென்பொருள் தடுமாறுகிறது. இணைந்த கிராஃபிக்ஸ் தனக்கென நினைவகம் இன்றி ரேமையே பகிர்ந்துகொள்வதால், வேகம் உண்மையாகவே பயன்படும் இடம் இதுதான். ஆயினும் வேகமான ஒற்றை அட்டையைக் காட்டிலும், இருக்கும் அட்டைக்கு இணையான இன்னொரு 8 ஜி.பி. அட்டையைச் சேர்ப்பதே சிறந்தது. இரண்டு அட்டைகள் இருந்தால் செயலி இரு வழிகளில் ஒரே நேரத்தில் தரவைப் பெறும். கடத்தும் திறன் இரு மடங்காகும், கொள்ளளவும் இரு மடங்காகும். 2400-இலிருந்து 3200-க்கு மாறினால் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.

செம்பூரில் பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். மின்னஞ்சல், செய்தித்தாள், வைப்புத்தொகைக் கணக்கைச் சரிபார்த்தல் ஆகியவற்றோடு அவர் தேவை முடிகிறது. 8 ஜி.பி. ரேமில் பாதிகூட நிரம்புவதில்லை. ஆயினும் கணினி மெதுவாக இருக்கிறது. சோதித்தால் வன்தட்டுப் பயன்பாடு நூறு விழுக்காட்டைத் தொட்டு நிற்கிறது. ரேமுக்காக அவர் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். எஸ்.எஸ்.டி. ஒன்றே அவருக்குத் தீர்வு.

கடைக்குச் செல்லுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை

எந்தச் சூழல் நம்முடையது என்று அறிய ஐந்து நிமிடம் போதும். வழக்கமாகச் செய்யும் பணிகள் அனைத்தையும் திறந்துவைத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபாமன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைத் தெரிவு செய்தால் நான்கு செய்திகள் கிடைக்கும்.

முதலாவது, நினைவகத்தில் எத்தனை விழுக்காடு பயன்பாட்டில் உள்ளது என்பது. வேலை நேரத்தில் அது 80 விழுக்காட்டைத் தொடர்ந்து தாண்டினால் கொள்ளளவைக் கூட்டுவதில் பொருளுண்டு. 60-க்குக் கீழ் இருந்தால் குறை வேறிடத்தில் இருக்கிறது.

இரண்டாவது, இப்போதைய ரேம் எந்த வேகத்தில் இயங்குகிறது என்பது.

மூன்றாவது, ஸ்லாட்டுகள் எத்தனை, அவற்றில் எத்தனை நிரம்பியுள்ளன என்பது. இரண்டில் ஒன்று காலியாக இருந்தால் பழைய ரேமைக் கழற்ற வேண்டியதில்லை, செலவு பாதியாகும்.

நான்காவது, ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரி. அங்கே ‘எஸ்ஓடிஐஎம்எம்’ என்றிருந்தால் ரேம் கழற்றி மாற்றக்கூடியது. ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் அது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. பொதுவாக மாற்ற இயலாது. ஆப்பிளின் மேக்புக் ஏர் உள்ளிட்ட மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நிலைமை இதுவே. புதிய மடிக்கணினி வாங்குவோரும் இதனைக் கேட்டறிந்தே வாங்குதல் நன்று. பின்னால் கூட்ட முடியாத நினைவகமாயின், தேவைக்குமேல் சற்றுக் கூடுதலாகவே முதலில் வாங்க வேண்டியிருக்கும்.

ரேமின் வகையும் பொருந்த வேண்டும். மடிக்கணினிக்கான டிடிஆர்3 அட்டையில் 204 முனைகளும், டிடிஆர்4-இல் 260 முனைகளும், டிடிஆர்5-இல் 262 முனைகளும் உள்ளன. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. டிடிஆர்3 வகையிலும் 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இரு பிரிவுகள் உண்டு. ஆகவே மடிக்கணினியின் மாடல் எண்ணைக் குறித்துச் செல்வதோ, மடிக்கணினியையே எடுத்துச் செல்வதோ நல்லது. 32 பிட் விண்டோஸ் நிறுவியிருக்கும் பழைய கணினிகள் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ரேமைப் பயன்படுத்தமாட்டா என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

வரவு செலவு

புதிய மடிக்கணினிக்கு 45,000 ரூபாய் கடன் பெறுவதாகவும், ஆண்டு வட்டி 14 விழுக்காடு, தவணைக் காலம் 12 மாதம் எனவும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 4,040 ரூபாய். ஆண்டு முடிவில் செலுத்திய தொகை ஏறத்தாழ 48,480 ரூபாய். அதில் வட்டி மட்டும் 3,480 ரூபாய். இதனோடு ரேம், எஸ்.எஸ்.டி., பொருத்தும் கூலி ஆகியவற்றின் கூட்டுத்தொகையை ஒப்பிட வேண்டும். அத்தொகை புதிய கணினியின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்து, கணினியும் இன்னும் மூன்றாண்டு உழைக்கும் நிலையில் இருந்தால், செப்பனிடுவதே சிக்கனம் என்பது நம் பரிந்துரை. பேட்டரி வீங்கியிருந்தாலோ, திரையின் கீல் உடைந்திருந்தாலோ கணக்கு மாறும்.

செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்குவதால், 2025-ஆம் ஆண்டின் பிற்பாதியிலிருந்து ரேமின் விலை உலகெங்கும் உயர்ந்தது. தேவையற்ற வேகத்துக்கும் தேவைக்கு மீறிய கொள்ளளவுக்கும் பணம் கொடுப்பது இந்நிலையில் இன்னும் கனமான சுமை. இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, வரிசை எண்ணும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்ட ரசீதுடன் வாங்க வேண்டும். உத்தரவாதத்தில் உள்ள மடிக்கணினியாயின் மூடியைத் திறக்கலாமா என்பதை உற்பத்தியாளரிடம் முதலில் கேட்க வேண்டும். பழுது நீக்கும் உரிமைக்கென நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளம் தொடங்கியுள்ளது. விற்பனையில் குறை நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

ரேம் தீர்க்காத குறை

வேகத்தைக் காட்டிலும் முதன்மையான ஒன்று பாதுகாப்பு. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேம் போதும் என்றாலும், டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் எனில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலியும் தேவை. அதற்கும் பழைய கணினியில் 16 ஜி.பி. ரேமைப் பொருத்தினாலும் இத்தகுதி வந்துவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துவது பூட்டில்லாத பெட்டியில் நகையை வைப்பதாகும். அத்தகைய கணினிக்குச் செலவிடுமுன் இதனை முதலில் சரிபார்க்க வேண்டும்.

“உங்கள் கணினி மெதுவாக உள்ளது, இங்கே சொடுக்கவும்” என்று திரையில் தோன்றும் அறிவிப்புகளையும், ரேமின் திறனைப் பெருக்குவதாகக் கூறும் இலவச மென்பொருள்களையும் ஏற்க வேண்டாம். எந்த மென்பொருளும் ரேமின் கொள்ளளவைக் கூட்டாது. தொலைபேசியில் அழைத்துக் கணினியைச் சரிசெய்வதாகச் சொல்லி, தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வோர் கணக்கிலுள்ள பணத்தைக் குறிவைப்பவர்கள். பணம் பறிபோனால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணிலும், தங்கள் வங்கிக் கிளையிலும் தெரிவிக்க வேண்டும்.

பழுதுபார்க்கக் கொடுக்குமுன் உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்களை நீக்கி, கோப்புகளுக்கு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். ரேம் மாற்றுவதற்கு விண்டோஸ் கடவுச்சொல் தேவையில்லை. நம் முன்னிலையிலேயே சில நிமிடங்களில் முடியும் வேலை அது. கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கழற்றிய பொருள்களை என்ன செய்வது? மின்சாரம் நின்றதும் ரேம் தன்னிடமிருந்த அனைத்தையும் மறந்துவிடும். ஆகவே பழைய ரேமைத் தயங்காமல் விற்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். பழைய வன்தட்டு அவ்வாறன்று. நாம் அழித்த வங்கி அறிக்கைகளும், ஆதார், பான் அட்டைப் படங்களும், உலாவி சேமித்த கடவுச்சொற்களும் அதிலிருந்து மீட்கப்படலாம். விரைவு ஃபார்மேட் செய்வது மட்டும் போதாது. தட்டு முழுவதையும் மேலெழுதி அழிக்கும் முறையைக் கையாள வேண்டும். இயலாதவர்கள் அதனை வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

நகரம் கழித்த பிளாஸ்டிக்கைத் தரம்பிரித்து மீண்டும் மூலப்பொருளாக்கும் தாராவியின் 13-ஆம் காம்பவுண்டைப் பற்றி மும்பைவாசிகள் அறிவர். பிளாஸ்டிக்கைப் போலன்றி, மின்னணுச் சுற்றுப்பலகைகளிலும் பேட்டரிகளிலும் நச்சுப் பொருள்கள் கலந்திருக்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மின்னணுக் கழிவுகள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களைச் சென்றடைய வேண்டும். இயங்காத மடிக்கணினியைத் தெருவில் வரும் பழைய பொருள் வணிகரிடம் கொடுக்குமுன், அதனுள்ளிருக்கும் வன்தட்டையோ எஸ்.எஸ்.டி.யையோ கழற்றி எடுத்துக்கொண்டோமா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நன்று.